பார்சல் நிறுவனங்களில் வேலை: சீருடையில் ஒரு பெயர், சம்பளச் சீட்டில் வேறு பெயர்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வண்ணாமடை, கோபாலபுரம் பகுதிகளில் தமிழ் வழியில் படித்து முடித்த பையன்கள், கையில் ஓட்டுநர் உரிமமும் ஒரு பைக்கும் இருந்தால், இப்போது முதலில் தேடிப் போவது பார்சல் வேலையைத்தான். ஒரு காலத்தில் கஞ்சிக்கோட்டு ஆலைகளும் பொள்ளாச்சிச் சந்தையும் கோவைப் பட்டறைகளும் இழுத்துக்கொண்ட கூட்டம் இது. எந்தக் கம்பெனியில் சேர்ந்தால் நல்லது என்று கேட்கும்போது, பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் பெயர்களை வைத்தே கேட்கிறார்கள்: அமேசானா, ஈகார்ட்டா, டெல்லிவரியா, புளூ டார்ட்டா, அல்லது பேசாமல் தபால் துறைக்கே விண்ணப்பம் போடலாமா? இந்த எல்லைப் பகுதியில் சிறு ஒப்பந்ததாரர்களுக்குப் பி.எஃப். (வருங்கால வைப்புநிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். ஆகவே இந்த நிறுவனங்களோடு எனக்குள்ள பழக்கம் வருகைப் பதிவேடு, சம்பளப் பட்டியல், பிடித்தக் கணக்கு ஆகியவற்றின் வழியாக வந்ததுதான்.

அங்கிருந்து பார்க்கையில், பெட்டியின் மேல் உள்ள பெயரைவிட, நிறுவனத்துக்கும் பார்சலைச் சுமப்பவருக்கும் நடுவே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதே வேலையின் தரத்தை முடிவு செய்கிறது. இது நம் ஊருக்கு மட்டும் உரிய நிலை அன்று. உலகின் பெரிய பார்சல் நிறுவனங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாலும் இதே கணக்குத்தான் வருகிறது என்பதால், முதலில் அவற்றைப் பார்த்துவிட்டு நம் எல்லையிலுள்ள வாளையாறுக்குத் திரும்புகிறேன்.

அமெரிக்காவின் யு.பி.எஸ். 1907-ல் சியாட்டில் நகரில் தூது கொண்டுபோகும் சிறு நிறுவனமாகத் தொடங்கப்பட்டது. அதன் பழுப்பு நிற வண்டியை ஓட்டுகிறவர் யு.பி.எஸ்.ஸின் நேரடி ஊழியர். டீம்ஸ்டர்ஸ் தொழிற்சங்கத்தின் உறுப்பினர். 1997-ல் சுமார் 1,85,000 பேர் 15 நாள் வேலைநிறுத்தம் செய்து, பகுதிநேர வேலைகளில் பலவற்றை முழுநேர வேலைகளாக மாற்ற வைத்தார்கள். 2023-ல் ஏறத்தாழ 3,40,000 பேருக்கான ஒப்பந்தம் வேலைநிறுத்தம் இல்லாமலேயே முடிவானது. 2018 ஒப்பந்தத்தின் வழியாக உள்ளே வந்திருந்த, அதே வேலையைக் குறைந்த ஊதியத்துக்குச் செய்யும் இரண்டாந்தர ஓட்டுநர் பிரிவு அதில் நீக்கப்பட்டது. பகுதிநேர ஊழியருக்கு மணிக்குக் குறைந்தது 21 டாலர் என்று நிர்ணயமானது. 2024 ஜனவரிக்குப் பிறகு வாங்கும் புதிய விநியோக வண்டிகளில் குளிர்சாதன வசதி இருக்க வேண்டும் என்பதும் எழுத்தில் ஏறியது. அத்தனை பெரிய நிறுவனத்தின் ஓட்டுநர்கள் 2023 வரை கோடைக்காலத்தில் குளிர்சாதனம் இல்லாத தகரப் பெட்டிக்குள் நுழைந்து பார்சல் எடுத்தார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இதனால் யு.பி.எஸ். நிர்வாகம் மென்மையானது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. எந்தத் தெரு வழியாக எந்த வரிசையில் போக வேண்டும் என்பதை ஓரியான் என்ற மென்பொருள் வகுக்கிறது. எதிர்வரும் வாகனங்களைக் கடந்து திரும்ப வேண்டிய இடங்களைக்கூட அது முடிந்தவரை தவிர்க்கச் சொல்கிறது. முழுநேர ஓட்டுநர் ஆவதற்கு முன் இரவு நேரக் கிடங்கில் ஆண்டுக் கணக்காகப் பெட்டி ஏற்றிக் காத்திருப்பவர்கள் ஏராளம். கட்டாயக் கூடுதல் நேரம் நீண்ட நாள் புகார். ஆனால் ஒரு நாளில் ஒன்பதரை மணி நேரத்துக்கு மேல் வேலை திரும்பத் திரும்பத் தலையில் ஏற்றப்பட்டால் முறையிடுவதற்கு ஒப்பந்தத்திலேயே ஒரு பிரிவு இருக்கிறது. கெடுபிடியான மேலாளர் எங்கும் உண்டு. அவரை எதிர்த்து எழுத ஒரு தாளும், அதைப் படித்துப் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஓர் ஆளும் இருப்பதுதான் இங்கே வேறுபாடு. அந்த ஒப்பந்தமும் வேலையை நிரந்தரமாகக் காத்துவிடாது: அமேசானுக்காகச் சுமக்கும் சரக்கைப் பாதிக்கு மேல் குறைக்க முடிவு செய்த யு.பி.எஸ்., 2025-ல் சுமார் 20,000 பணியிடங்களைக் குறைப்பதாக அறிவித்தது.

ஃபெடெக்ஸ் இன்னொரு வகை. பிரெடரிக் ஸ்மித் 1971-ல் நிறுவி, 1973-ல் மெம்பிஸ் விமான நிலையத்திலிருந்து பறக்கத் தொடங்கிய அந்த நிறுவனம், மேலாளரின் முடிவை எதிர்த்து மூன்று படிகளில் மேல்முறையீடு செய்யும் உள் நடைமுறைக்குப் பேர்போனது. விமானப் பிரிவில் அந்த நடைமுறைக்கு மதிப்பு இருந்தது. தரைவழிப் பிரிவில் கதை வேறு. அங்கே ஓட்டுநர்களைச் சுயதொழில் செய்பவர்களாகக் கணக்கில் காட்டி, வண்டி, டீசல், சீருடை எல்லாவற்றையும் அவர்கள் தலையிலேயே கட்டினார்கள். 2014-ல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், கலிபோர்னியா ஓட்டுநர்கள் சட்டப்படி ஊழியர்களே என்று தீர்ப்பளித்தது. மறு ஆண்டு ஃபெடெக்ஸ் 228 மில்லியன் டாலர் கொடுத்து அந்த வழக்கை முடித்துக்கொண்டது. அதன் பிறகு நேரடி ஊழியராக்கினார்களா என்றால் இல்லை; நடுவில் சிறு ஒப்பந்த நிறுவனங்களை நிறுத்தி, ஓட்டுநர்களை அவற்றின் ஊழியர்கள் ஆக்கினார்கள். ஒரே நிறுவனத்தின் சின்னம் பொறித்த இரண்டு வண்டிகள் ஒரே தெருவில் போகும். ஓட்டுபவர்களின் ஊதியமும் மருத்துவக் காப்பீடும் ஒன்றுபோல் இருக்காது.

அமேசான் 2018-ல் கொண்டுவந்த விநியோகப் பங்குதாரர் திட்டம் இந்த நடு ஆளையே அடித்தளமாகக் கொண்டது. வேனில் அமேசானின் சின்னம், ஓட்டுநரின் உடையில் அமேசானின் சின்னம், வழித்தடத்தைத் தீர்மானிப்பது அமேசானின் செயலி; ஆனால் சம்பளம் தருபவர் சில பத்து வண்டிகள் வைத்திருக்கும் உள்ளூர் ஒப்பந்ததாரர். 2021-ல் ஓட்டுநர்கள் கழிப்பறை கிடைக்காமல் புட்டிகளில் சிறுநீர் கழிப்பதாக எழுந்த குற்றச்சாட்டை முதலில் கேலியாக மறுத்த நிறுவனம், சில நாள்களிலேயே மன்னிப்புக் கேட்டு, அப்படி நடப்பது உண்டு என்று ஒப்புக்கொண்டது. 2024 ஆகஸ்டில் அமெரிக்கத் தொழிலுறவு வாரியத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் மண்டல அலுவலகம், பாம்டேல் ஓட்டுநர்கள் விஷயத்தில் அமேசானும் கூட்டு முதலாளியே என்ற முடிவுக்கு வந்தது. செயலி, கேமரா, மதிப்பெண் பட்டியல் என்று கட்டுப்பாடு முழுவதையும் கையில் வைத்துக்கொண்டு பொறுப்பை மட்டும் அடுத்தவர் பெயரில் எழுதும் ஏற்பாட்டுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

ஜெர்மனியின் டி.எச்.எல்.லிலும் இந்தச் சபலம் வந்து போயிருக்கிறது. 2015-ல் அதன் உரிமையாளரான டாய்ச் போஸ்ட் நிறுவனம் பார்சல் விநியோகத்துக்கென்று 49 வட்டாரத் துணை நிறுவனங்களைத் தொடங்கி, புதிய ஆள்களைக் குறைந்த ஊதியத்தில் எடுத்தது. வெர்டி சங்கம் வாரக் கணக்கில் வேலைநிறுத்தம் செய்தும் அப்போது அதைத் தடுக்க முடியவில்லை. 2019-ல்தான் அந்தத் துணை நிறுவனங்கள் தாய் நிறுவனத்தோடு மீண்டும் இணைக்கப்பட்டன. சங்கம் வலுவாக உள்ள நாட்டிலேயே இதற்கு நான்காண்டுகள் ஆயின.

இனி நம் பக்கம். 2017 ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்து வாளையாறு வணிகவரிச் சோதனைச் சாவடி மூடப்பட்டதும், மைல் கணக்கில் நின்ற லாரி வரிசை கரைந்தது. கோவைக் கிடங்கிலிருந்து இரவில் புறப்படும் சரக்கு விடியுமுன் பாலக்காட்டுக்கு வந்து சேர்கிறது. காலை ஆறரை மணிக்கு, பார்சல்களைப் பிரித்து அனுப்பும் மையமான ஹப்பின் தகரக் கூரைக்குக் கீழே போய் நின்றால் முழு அமைப்பும் கண்ணுக்குத் தெரியும். மூட்டையைப் பிரித்து, பார்சல்களை ரூட் வாரியாகக் குவித்து, ஒவ்வொன்றையும் போனில் ஸ்கேன் செய்து, முதுகுப் பையில் பெரியவற்றைக் கீழேயும் சிறியவற்றை மேலேயும் அடுக்கி, பெட்ரோல் டேங்கின் மேல் ஒரு பெட்டியையும் வைத்துக்கொண்டு எட்டரைக்குள் வெளியேறுகிறார்கள். அந்த இரண்டு மணி நேரத்துக்குப் பெரும்பாலான இடங்களில் ஊதியம் கிடையாது. ஏனெனில் கொடுத்து முடித்த பார்சலுக்குத்தான் கணக்கு.

அதே முற்றத்தில் லாரியிலிருந்து சரக்கை இறக்குபவரைக் கவனியுங்கள். அவர் பதிவு பெற்ற சுமட்டுத் தொழிலாளி. 1978-ஆம் ஆண்டின் கேரளச் சுமட்டுத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் அவருக்கென்று நலநிதி வாரியம் இருக்கிறது, கூலி வீதம் பேசி எழுதப்பட்டிருக்கிறது, சங்கம் இருக்கிறது. வேலையே செய்யாமல் வாங்கும் நோக்குகூலியை அரசு 2018 மே முதல் தேதியிலிருந்து ஒழித்தது. அந்தப் பழக்கம் ஒழிய வேண்டியதுதான் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நோக்குகூலியைக் காட்டி ஒட்டுமொத்தச் சங்க அமைப்பையும் ஏளனம் செய்கிற நம் படித்த பிள்ளைகள், லாரியில் இருந்து பெட்டியை இறக்குகிறவருக்கு உள்ள பாதுகாப்பில் ஒரு பகுதிகூட அந்தப் பெட்டியை நாற்பது கிலோமீட்டர் சுமந்து போகும் தங்களுக்கு இல்லை என்பதைக் காணத் தவறுகிறார்கள்.

ஏன் இல்லை என்பதற்கு விடை எண்ணிக்கையில் இருக்கிறது. பி.எஃப். சட்டம் பொதுவாக 20 பேர் வேலை செய்யும் இடத்துக்கும், இ.எஸ்.ஐ. 10 பேர் வேலை செய்யும் இடத்துக்கும் பொருந்தும். ஒரு பெரிய நிறுவனம் ஒரு மாவட்டத்தின் விநியோகத்தைப் வெண்டர்கள் எனப்படும் பல சிறு ஒப்பந்ததாரர்களுக்குப் பிரித்துக் கொடுத்து, ஒவ்வொரு வெண்டரும் ஒன்பது பேரைக் காட்டினால், மொத்தம் நூறு பேர் ஓடினாலும் காகிதத்தில் சட்டம் தொடும் இடமே வராது. பத்தாவது பையனைத் தம்பி பெயரிலோ மனைவி பெயரிலோ உள்ள இன்னொரு கணக்கில் ஏற்றச் சொல்லி என்னிடமே கேட்டவர்கள் உண்டு. ஒப்பந்தத் தொழிலாளர் ஒழுங்குமுறையின் வரம்பும் முன்பு 20 பேராக இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய தொகுப்புச் சட்டத்தில் அது 50 ஆக உயர்ந்துவிட்டது. சிறு வெண்டர்களுக்கு இது வசதி. அவர்களிடம் வேலை செய்பவர்களுக்கு இழப்பு.

இந்தப் பகுதியில் ஒரு பெரிய நிறுவனத்தின் வெண்டரிடம் ஓடிக்கொண்டிருந்த பையன் அட்டப்பள்ளம் அருகே லாரி ஒன்று உரசி விழுந்து கால் முறிந்தது. அவன் என்னிடம் கொண்டு வந்த வாரச் சீட்டில், கொடுத்த பார்சல்களின் எண்ணிக்கையும் வீதமும் மேலே இருந்தன. பெட்ரோல் என்ற கட்டம் காலியாக இருந்தது. அதற்குக் கீழே ஷார்டேஜ், பை வைப்புத்தொகை, டி-ஷர்ட் என்று மூன்று பிடித்தங்கள். வாடிக்கையாளர் வீட்டில் இல்லாமல் மூன்று முறை அலைந்து திரும்பிய ரிட்டர்ன் பார்சல்களுக்கு ஒரு காசும் இல்லை. இ.எஸ்.ஐ. எண் இருந்திருந்தால் கோவை இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் சிகிச்சையும், படுத்திருந்த காலத்துக்கு ஊதியத்தில் ஒரு பங்கும் கிடைத்திருக்கும். கம்பெனியில் கேட்டாயா என்றேன். “நான் வெண்டரோட ஆளுங்கண்ணா, கம்பெனில என் பேரே இல்லைங்க” என்றான். பணியிட விபத்து இழப்பீட்டுச் சட்டம் 1923-லேயே, ஒப்பந்ததாரர் வழியாகத் தன் வழக்கமான தொழிலைச் செய்விக்கும் முதன்மை நிறுவனத்திடமும் இழப்பீடு கோரலாம் என்று வைத்துவிட்டது. இதை அவனுக்கு அந்த ஹப்பில் யாரும் சொல்லவில்லை. சொல்வது அங்கே யாருடைய வேலையும் இல்லை.

ஷார்டேஜ் பிடித்தம் தனியாகப் பேச வேண்டிய விஷயம். ரொக்கமாக வாங்கும் சி.ஓ.டி. பணத்தில் குறைந்தாலும், பார்சல் தொலைந்தாலும், உள்ளே பொருள் மாறியிருப்பதாக வாடிக்கையாளர் புகார் செய்தாலும், கடைசியாக ஸ்கேன் செய்தவரின் கணக்கில் எழுதிவிடுவதே வழக்கம். ஊழியர் என்ற நிலை இருந்தால், அவருடைய கவனக்குறைவால்தான் இழப்பு ஏற்பட்டது என்று காட்டி, அவர் விளக்கம் சொல்ல வாய்ப்பும் கொடுத்த பிறகே ஊதியத்தில் கை வைக்க முடியும். மொத்தப் பிடித்தம் பொதுவாக ஊதியத்தில் பாதியைத் தாண்டவும் கூடாது. ஊழியர் இல்லை என்று எழுதி வாங்கிவிட்டால் இந்தக் காப்பு எதுவும் எளிதில் கிட்டாது. நிர்வாகத்தின் தரத்தை அளக்க எனக்குத் தெரிந்த சிறந்த அளவுகோல் இந்த ஒரு வரிதான். ஊதியம் சற்றுக் குறைவாக இருந்தும், தொலைந்த பார்சலுக்குக் கேமரா பதிவைப் பார்த்துவிட்டுப் பேசும் ஹப் பொறுப்பாளர்கள் உள்ள இடத்தில் பையன்கள் ஆண்டுக் கணக்கில் நிலைக்கிறார்கள். இன்சென்டிவ் அதிகம் என்று விளம்பரம் செய்யும் இடங்களில் மாதத்துக்கு மாதம் முகங்கள் மாறுகின்றன.

வெயிலையும் சொல்லாமல் விட முடியாது. பாலக்காட்டுக் கணவாயில் ஏப்ரல் மாத வெப்பம் 40 டிகிரியைத் தொட்டுத் தாண்டுவது உண்டு. கோடை தோறும் கேரளத் தொழிலாளர் துறை, வெயிலில் வேலை செய்வோருக்குப் பகல் 12 மணி முதல் 3 மணி வரை ஓய்வு தர வேண்டும் என்று உத்தரவு போடுகிறது. கட்டடத் தொழிலாளி அந்த நேரத்தில் நிழலில் உட்காருகிறார். பார்சல் கொடுப்பவரின் செயலியில் அந்த மூன்று மணி நேரமும் சேர்த்தே இலக்கு ஓடிக்கொண்டிருக்கும். கிடங்குக்கு உள்ளேயும் நிலைமை மேலானதாக எல்லா இடத்திலும் இல்லை: 2024 கோடையில் ஹரியானாவின் மானேசரில் உள்ள அமேசான் கிடங்கில், லாரிகளை இறக்கி முடிக்கும் வரை தண்ணீர் குடிக்கவும் கழிப்பறைக்குப் போகவும் மாட்டோம் என்று தொழிலாளர்களை உறுதிமொழி எடுக்க வைத்ததாகச் செய்தி வந்தபோது, தேசிய மனித உரிமை ஆணையம் தானாக முன்வந்து அதை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

இங்குள்ள நிறுவனங்களைத் தனித்தனியே மதிப்பிடச் சொன்னால் என் வரிசை இப்படி அமையும். 1983-ல் மும்பையில் தொடங்கி, பின்னர் டி.எச்.எல். குழுமத்தின் கைக்குச் சென்ற புளூ டார்ட்டில் நேரடிப் பணியிடம் கிடைத்தால் தயங்காமல் சேரலாம். முறையான சம்பளச் சீட்டும் மேல்முறையீட்டு நடைமுறையும் உள்ள இடம் அது. ஒப்பந்த ஆளாகச் சேர்ந்தால் அந்தப் பெயரின் பலன் பாதிகூட உங்களிடம் வராது. 2011-ல் தொடங்கிய டெல்லிவரியும், பிளிப்கார்ட்டின் ஈகார்ட்டும், அமேசானும் பெருமளவுக்கு ஒப்பந்த ஆள்களையும் வெண்டர்களையும் நம்பி ஓடுபவை. ஆகவே அவற்றில் எது மேல் என்ற கேள்விக்கு ஊருக்கு ஊர் விடை மாறும். கொழிஞ்சாம்பாறையில் நல்ல வெண்டரும் சித்தூரில் மோசமான வெண்டரும் ஒரே நிறுவனத்துக்கு இருக்கலாம். எஸ்.டி. கூரியர், புரொபஷனல் கூரியர்ஸ் போன்றவை கிளை உரிமையாளரைப் பொறுத்தவை. அங்கே வேகக் கெடுபிடி குறைவு, முகம் பார்த்துப் பேசலாம், ஆனால் பி.எஃப்.ஐ மறந்துவிட வேண்டும். பத்து நிமிட மளிகைச் செயலிகளைப் படிப்புக்கு நடுவே கைச்செலவுக்கான வழி என்பதற்கு மேல் நான் மதிப்பதில்லை.

என் மதிப்பீடு ஒரு மூலையிலிருந்து வந்தது என்பவர்கள், ஆக்ஸ்போர்டு இணைய ஆய்வு நிறுவனமும் பெங்களூரு ஐ.ஐ.ஐ.டி.யும் சேர்ந்து வெளியிடும் ஃபேர்வொர்க் இந்தியா அறிக்கையைப் பார்க்கலாம். 2024 அறிக்கையில் முதலிடம் பிடித்த பிக்பாஸ்கெட், அர்பன் கம்பெனி ஆகியவையே 10-க்கு 6 மதிப்பெண்தான் பெற்றன. தொழிலாளர் கூட்டமாகப் பேசும் உரிமைக்கான மதிப்பெண்ணை எந்த நிறுவனமும் பெறவில்லை.

தபால் துறைக்கு வருகிறேன். கிராமத் தபால் ஊழியரான கிராமின் டாக் சேவக் பணிக்குத் தேர்வு கிடையாது, பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணே போதும். நாலைந்து மணி நேர வேலைக்கு அடிப்படைத் தொகை 10,000 ரூபாயில் தொடங்கி, அதன் மேல் அகவிலைப்படியும் உண்டு. உச்ச நீதிமன்றம் 1977-ல் ராஜம்மா வழக்கில், இத்தகைய புறத்துறைப் பணியாளர்கள் அரசின் குடிமைப் பதவி வகிப்பவர்களே, விசாரணையின்றி அவர்களை நீக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. ஒரே இரவில் செயலிக்குள் நுழையும் ஐ.டி.யை முடக்கி வேலையை விட்டு அனுப்பும் நிறுவனங்களோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பது புரியும். நிரந்தரத் தபால்காரருக்கு உள்ள ஊதியமும் ஓய்வூதியமும் இவர்களுக்கு இல்லை என்பது நீண்ட காலக் குறை. அரசே முதலாளியாக இருந்தும் இரண்டு தரம் வைத்திருப்பதை நியாயப்படுத்த முடியாது. நம் பிள்ளைகளுக்கு இதில் தனிச் சிக்கலும் உண்டு. கேரள அஞ்சல் வட்டத்துக்கு விண்ணப்பிக்கப் பத்தாம் வகுப்பு வரை மலையாளம் படித்திருக்க வேண்டும். தமிழ் வழியில் படித்து மலையாளத்தைப் பாடமாக எடுக்காதவர்கள் தமிழ்நாடு வட்டத்தில் பொள்ளாச்சி, கோவைக் கோட்டங்களைப் பார்ப்பதே நடைமுறை.

எல்லையில் வாழ்வதன் இன்னொரு சங்கடம் நலவாரியத்தில் தெரிகிறது. தமிழ்நாடு அரசு 2023-ல் இணையவழிச் சேவைத் தொழிலாளர்களுக்கென்று தனி நலவாரியம் அமைத்தது. வீடு கேரளத்திலும் ஓட்டம் தமிழ்நாட்டிலும் உள்ளவர்கள், ரேஷன் அட்டையும் ஆதாரும் எந்த மாநிலத்தின் முகவரியில் உள்ளன என்பதைப் பொறுத்து அலைய நேரிடுகிறது. ஒன்றிய அரசின் 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டம், செயலி நிறுவனங்கள் தம் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதத்தைத் தொழிலாளர் நலனுக்கு ஒதுக்க வேண்டும் என்கிறது. அதன் பலனைப் பெற, அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான ஒன்றிய அரசின் இ-ஷ்ரம் தளத்தில் பதிவு அடிப்படை. அதற்கு மாநில எல்லை தடையில்லை என்பதால் அதையாவது முதலில் முடித்துக்கொள்வது நல்லது.

சேரப் போகிறவர்கள் வெண்டரிடம் முதல் நாளே நான்கைந்து கேள்விகள் கேட்கலாம்: சம்பளம் யார் பெயரில் வங்கிக்கு வரும், ரிட்டர்ன் பார்சலுக்குப் பணம் உண்டா, பெட்ரோல் யார் செலவு, ஷார்டேஜை எப்படி முடிவு செய்வார்கள், விபத்துக் காப்பீட்டின் நகலைக் கையில் தருவார்களா. பி.எஃப். பிடிக்கிறோம் என்று சொன்னால் உங்கள் பி.எஃப். கணக்குக்கான யூ.ஏ.என். எண்ணை வாங்கி, ஒன்றிய அரசின் உமங் செயலியில் மாதந்தோறும் பாருங்கள்; உங்கள் பங்கைப் பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்திருப்பது இரண்டாம் மாதமே தெரிந்துவிடும். அப்படித் தெரிந்தால், வெண்டரோடு வாக்குவாதம் செய்வதற்கு முன் சம்பளச் சீட்டையும் செயலியின் வாரக் கணக்கையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஐ.டி.யை முடக்கிய நிமிடமே அந்தக் கணக்கு உங்கள் திரையிலிருந்து போய்விடும்.